நூற்று எண்பத்து நாலில் நின்ற முள்

ரங்கூன் போட்டாதாங்கில், படகுத் துறைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அந்தக் கட்டடத்தில், ஆறாவது மாடிக்காரி மங்கலத்தின் எடை தெரியாதவர்கள் கிடையாது. ஒரு பெண்பிள்ளையின் எடையைத் தெருவே தெரிந்து வைத்திருப்பது நல்ல பழக்கம் இல்லைதான். என்ன செய்வது? மாதத்துக்கு ஒருமுறை அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, துறைமுகக் கூலியாட்கள் நாலு பேர் நூற்று நாலு படி இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அரிசி மூட்டை சுமந்து பழகிய தோள்கள். தராசு பொய் சொன்னாலும் சொல்லும், அவை சொல்லா. "ஐம்பத்தோரு வீசை," என்பான் அவர்களுக்கு மேஸ்திரியான ரவி, மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே. பவுண்டில் சொன்னால் நூற்று எண்பத்து நாலு. அச்சுப் பிசகாது.

மங்கலத்துக்கு வயது ஐம்பத்தேழு. இரண்டு முழங்காலும் தேய்ந்து போய்விட்டன. முப்பது வருஷம் கால் மிஷினை மிதித்துத் தமேய்ன் தைத்தவள். பர்மாக்காரப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணி அது. கடையில் வெறும் துண்டாக வாங்கி, ஓரங்களை மூட்டி, மேலே ஒரு கறுப்புப் பட்டி வைத்துத் தைத்தால்தான் உடுத்த முடியும். அந்தப் பட்டி சுருக்கமில்லாமல் உட்கார மங்கலம் கைதான் வேண்டும் என்று, பாலம் தாண்டித் தன்லியினிலிருந்துகூடத் துணி வரும். புருஷன் முருகையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை ரமேஷ்குமார். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பிய வருஷம் மலேசியாவுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை லைன் கிடைத்தால் போன் செய்வான். சாப்பிட்டாயா அம்மா என்று பர்மிய மொழியில் ஆரம்பித்து, இரண்டு நிமிஷத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுகிறான் என்று வைத்துவிடுவான். எதிர் வீட்டுக்காரர்களும் பூட்டிக்கொண்டு பாங்காக் போய்விட்டார்கள். ஆகக்கூடி ஆறாவது மாடியில் மூச்சு விடுகிற ஜீவன் மங்கலம் ஒருத்திதான்.

மாசி மாதம் ஆபரேஷன் டாக்டர் அவள் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டார். ஒரு தர்ம ஸ்தாபனம் வருஷத்துக்கு இருபது பேருக்கு முழங்கால் மாற்றித் தருகிறது; அவள் பெயரும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இருநூற்று மூன்று பவுண்டோடு மேஜையில் படுக்கவைக்க மாட்டேன். நூற்று அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கி வா. தடிங்யுட் விளக்குத் திருநாளுக்குள் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். அவ்வளவுதான் பேச்சு.

மங்கலம் அதைக் கேட்டுப் பயந்துதான் போனாள். அடுத்த வருஷம் ஸ்தாபனம் இருக்குமோ, டாக்டர்தான் இந்த ஊரில் இருப்பாரோ, யார் கண்டது. முருகையாவையே, செத்த பிறகுதான் அந்தப் படிக்கட்டில் தூக்கி இறக்கினார்கள். தன்னை உயிரோடே இறக்குகிறார்களே என்பது அவளுக்குத் தீராத அவமானம். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். தன் காலால் இறங்கி, தன் காலால் தெருவில் நின்று, ஒரு கட்டு புளிச்சக்கீரையை விரலால் கிள்ளிப் பார்த்து வாங்கவேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ஆகவே வாயைக் கட்டினாள். பர்மாவில் வாயைக் கட்டுவது லேசான காரியமா? குழம்பு என்றாலே மேலே இரண்டு விரல் எண்ணெய் மிதக்கும் ஊர். டின்பால் ஊற்றிய சாயா போயிற்று. தேங்காய்ப்பால் நூடுல்ஸ் போயிற்று. காலையில் இரண்டு முட்டையின் வெள்ளை, மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறும் புளிச்சக்கீரை ரசமும் ஒரு துண்டு மீனும், பொழுது சாய்ந்ததும் அவித்த காய். வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். மிளகாய் கடித்தால் மிளகாயையும் எழுதினாள். சித்திரை பிறப்பதற்குள் பத்தொன்பது பவுண்டு இறங்கிவிட்டது. மூங்கில் தூக்கிகள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பிறகு முள் நின்றது.

ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, பன்னிரண்டு வாரம். நூற்று எண்பத்து நாலு. குளித்துவிட்டு ஏறிப் பார்த்தாள், குளிக்காமல் ஏறிப் பார்த்தாள். தோட்டைக் கழற்றினாள். தராசை அடுப்படியிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து சாமி படத்துக்கு முன்னாலும் நகர்த்திப் பார்த்தாள். சனியன் பிடித்த முள் கடுகளவு அசையவில்லை. சோற்றைப் பாதியாக்கினாள். தலை சுற்றியது. ஒரு நாள் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் தமேய்னில் கறுப்புப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துத் தைக்கத் தெம்பில்லாமல் மிஷின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு சரியாக இருந்தது. நோட்டைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பட்டினி கிடந்து எடை குறையாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை என்றார். பொய்க்காரி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் மிச்சம். திரும்பி வருகையில் ரவியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீங்க ஒண்ணும் திங்கிறதில்லைன்னு ஊரெல்லாம் பேச்சு. என் தோள் அப்படிச் சொல்லலையே," என்றான். மங்கலம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஆறு மாடியும் அழுதாள்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் நாளுக்கு ஒரு நல்ல நேரம் இருந்தது உண்மை. சாயங்காலம் ஐந்தரை மணி. ரங்கூன் மாடி வீடுகளில் எல்லார் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவுக்குத் தொங்கும். பேப்பர், காய்கறி, தைக்கிற துணி எல்லாம் அதில்தான் ஏறும், இறங்கும். மங்கலத்தின் கயிற்றில் ஒரு மணியும் உண்டு. ஐந்தரைக்கு அந்த மணியை ஆட்டுகிறவள் ஜெயம்மா. அம்மன் கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்கிறவள், ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. மங்கலம் நடமாடிய காலத்தில் இருவரும் கோயிலில் சேர்ந்து உட்கார்ந்து பூக்கட்டியவர்கள். ஜெயம்மாவுக்கு இளைப்பு நோய். ஒரு மாடி ஏறினாலே மூச்சு இழுக்கும். மேலே இருக்கிறவளால் இறங்க முடியாது, கீழே இருக்கிறவளால் ஏற முடியாது. நல்ல ஜோடி!

சித்திரைத் திருவிழாவுக்கு மங்கலம் வர முடியாமல் போனதிலிருந்து, ஜெயம்மா தினமும் ஒரு பொட்டலம் பிரசாதம் கொண்டுவந்து கயிற்றில் கட்டினாள். மங்கலம் இழுத்துக்கொள்வாள். பிறகு ஒருத்தி தெருவில் குடையோடும் ஒருத்தி பால்கனியிலும் நின்று, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி போனில் பேசுவார்கள். யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பூசாரிக்கு யாரோடு சண்டை, வெங்காயம் என்ன விலை. பத்து நிமிஷம் இருக்கும். மங்கலம் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, பவானி வந்தாள். ஆஸ்பத்திரியில் நோட்டுப் பார்க்கிற நர்ஸ் அவள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. தமிழ் எல்லாம் விளங்கும், பேசும்போதுதான் கல் பொறுக்குவதுபோல வார்த்தை வார்த்தையாக வரும். வேலை முடிந்து போகிற வழியில், டாக்டர் சொன்னதை மனசு ஒப்பாமல் ஏறி வந்திருந்தாள். அடுப்படியைப் பார்த்தாள், எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது மணி அடித்தது.

மங்கலம் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கயிற்றை இழுத்தாள். ஜெயம்மாவிடம் வீட்டில் ஆள் வந்திருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்று கையசைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். சர்க்கரைப் பொங்கல், நெய் இலையைத் தாண்டிக் காகிதத்தில் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு கை கடலைச் சுண்டல், தேங்காய்ப்பூவோடு. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பவானி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு விரலையும் நக்கினாள். பிரசாதத்தை மிச்சம் வைக்கக் கூடாது, மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது, எறியவே கூடாது. அது அவளுக்குப் பால் குடிக்கும்போதே சொல்லிக் கொடுத்த சட்டம்.

பவானி காகிதத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது நோட்டுல எங்க?"

மங்கலத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அது பிரசாதம்மா. சாமிக்குப் படைச்சது. அதைப் போய்ச் சாப்பாடுன்னு எழுதினா வாய் வெந்துடும்."

"தினமும் வருதா?"

"தினமும்தான். சித்திரையிலேர்ந்து."

பவானி சிரிக்கவில்லை, அந்தப் பெண்ணுக்குப் புண்ணியமாகப் போகும். விரல் விட்டு வாரங்களை எண்ணிக் காட்டினாள். முள் நின்றதும் சித்திரைக்குப் பிறகுதான். மங்கலம் தெரியாமல் திருடிய பிள்ளையைப் போல விழித்தாள். சத்தியமாக அவள் ஒளிக்கவில்லை. மிளகாயை எழுதியவள் பொங்கலை ஒளிப்பாளா? அவள் கணக்கில் அது தீனியே இல்லை.

"சாமி கோபிக்காது ஆன்ட்டி," என்றாள் பவானி. "எங்க வீட்ல அப்பா ஒரு பொட்டலத்தை ஏழு பேருக்குப் பிரிப்பார். எல்லாருக்கும் இத்துனூண்டுதான் வரும்."

அவள் இறங்கிப் போன பிறகு மங்கலம் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டிலும் அப்படித்தானே. மாமியார் இருந்தார், கொழுந்தன் குடும்பம் இருந்தது, முருகையா, ரமேஷ்குமார். ஒரு பொட்டலம் வந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி நுனி. கடைசியில் இலையை வழிக்க ரமேஷ்குமார் சண்டை போடுவான். பொட்டலம் அன்றைக்கும் இதே அளவுதான். இன்றைக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் கிடையாது, அதனால் எட்டுப் பேர் பங்கையும் ஒருத்தியே தின்றுகொண்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் அழுதது எடையை நினைத்து அல்ல.

மூன்று நாள் ஒரு சிட்டிகையோடு நிறுத்தப் பார்த்தாள். மிச்சத்தைப் பால்கனியில் புறாவுக்கு வைத்தாள். புறாக்கள் தின்றுவிட்டு, ஐந்தாவது மாடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் நன்றிக்கடன் செலுத்த, அந்த வீட்டு அம்மாள் மேலே பார்த்து வைத வசவு தெருவுக்கே கேட்டது. மறுநாள் புறாவுக்கு வைக்காமல் மூடி வைத்தாள். பசித்த வயிறும் நெய் வாசனையும் ஒரு வீட்டில் குடியிருக்குமா? விளக்கேற்றுவதற்குள் இலை காலி. தன்னால் முடியாது என்று மங்கலத்துக்குத் தெரிந்துவிட்டது. பொட்டலம் மேலே வரவே கூடாது.

அதைச் சொன்ன விதத்தில்தான் கெடுத்தாள். ஐந்தரைக்கு ஜெயம்மா வந்து மணியை ஆட்டியதும், கயிற்றை இழுக்காமலே போனை எடுத்து, "இனிமே கொண்டு வராதே ஜெயம்மா. எனக்கு ஒத்துக்கல," என்றாள். எடை, டாக்டர், நோட்டு எல்லாம் அடுத்தாற்போல் சொல்லத்தான் இருந்தாள். அதற்குள் கரண்டு போயிற்று, போன் கோபுரம் செத்தது, லைன் அறுந்தது. ரங்கூனில் இது தினப்படி நடக்கிற கூத்து. மேலேயிருந்து கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். மழை கொட்டியது. ஜெயம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் தீர்ந்தது. ஆனால் அம்மன் பிரசாதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன வாயோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று மங்கலம் கூசினாள். கோபம் இருந்தால் அவளே கூப்பிட்டுத் திட்டட்டுமே என்று ஒரு வீம்பும் கூடவே. நாள் தள்ளிப்போகப் போகக் கூச்சம் பெருத்ததே தவிர இளைக்கவில்லை.

முள்தான் இளைத்தது. நூற்று எண்பத்திரண்டு. நூற்று எழுபத்தொன்பது. பவானி, பட்டினி போதும், இன்னொரு துண்டு மீன் சேருங்கள் என்றாள்; நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி இறக்கச் சொன்னாள். மங்கலம் எல்லாம் செய்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. சில நாள் விடிந்து பொழுது போகும்வரை அவள் குரலை அவளே கேட்டிருக்க மாட்டாள். ஒரு தடவை மிஷினில் நூல் அறுந்தபோது, "அடச்சே," என்றாள். தன் குரல் யாரோ கூடத்தில் பேசியதுபோல இருக்கவே திரும்பிப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரமேஷ்குமாரிடம் எடை குறைகிறதடா என்று சொன்னாள். அவன் சந்தோஷப்பட்டான், சூப்பர்வைசர் கூப்பிட்டான். ஐந்தரை மணிக்கு மட்டும் அவள் பால்கனிப் பக்கம் போகமாட்டாள். அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் தேய்ப்பாள். நூற்று எழுபத்து நாலு. நூற்று அறுபத்தெட்டு.

தடிங்யுட்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில் தூக்கிகள் அவளை இறக்கினார்கள். மூன்றாவது மாடியில் ரவி மூச்சு வாங்கவே இல்லை. ஆஸ்பத்திரித் தராசில் நூற்று அறுபத்து மூன்று. பவானி கைதட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். ஒரு அட்மிஷன் ஃபாரத்தை நீட்டினார்கள். பவானி கேட்டுக் கேட்டுப் பர்மிய எழுத்தில் நிரப்பினாள். பெயர், வயது, விலாசம்.

"லூனாசௌங் யாரு ஆன்ட்டி?"

நோயாளியோடு கூடவே தங்குகிற ஆளுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மருந்து வாங்க ஓடுவது, சோறூட்டுவது, படுக்கையில் பாத்திரம் வைப்பது எல்லாம் அந்த ஆள். துணையில்லாமல் அட்மிஷன் கிடையாது. பெண்கள் வார்டில் ஆண்பிள்ளை தங்கக் கூடாது, ஆகையால் ரவி வருகிறேன் என்றது செல்லவில்லை. பவானிக்கு டூட்டி. ஐந்தாவது மாடி அம்மாளோ புறா விஷயத்தை மறக்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்காவிட்டால் வியாழக்கிழமை வேறொருத்திக்குப் போய்விடும்.

நாற்பது பவுண்டை இறக்கி வைத்தவள் அந்த ஒரு வரிக்கு முன்னால் கல்லாய்ச் சமைந்தாள். கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே ஒரு ஆளைத்தான் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறாள். பவானி பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மங்கலம் போனை எடுத்தாள்.

போன் நாலாவது தடவை அடித்ததும் ஜெயம்மா எடுத்தாள். இளைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மங்கலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பொங்கல், நோட்டு, எட்டுப் பேர் பங்கு, புறா, கரண்டு போனது, பேச முகம் இல்லாமல் போனது, வியாழக்கிழமை.

"நீங்க வேண்டாம்னது பொங்கலையா என்னையான்னு எனக்குத் தெரியலக்கா," என்றாள் ஜெயம்மா.

"பொங்கலைத்தாண்டி," என்றாள் மங்கலம். "மடைப்பள்ளியில இப்ப அதை யாருக்குக் குடுக்குறாங்க?"

"யாருக்குக் குடுப்பாங்க. வேலை செய்யிற ஆளுக்கு ஒரு பொட்டலம், அது என் பங்குதான். இப்ப நானே திங்கிறேன். ரவிக்கை பத்தல."

மூன்று மாதம் அவள் வயிற்றுச் சோற்றையா தின்றோம் என்று மங்கலத்துக்குப் பகீரென்றது. இத்தனை நாளும் கோயில் கொடுத்தனுப்புகிறது என்றே நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் விசும்பினாள். ஜெயம்மா அதைக் காதில் வாங்காதவள்போல, வார்டு எந்த மாடி என்று கேட்டாள். கீழ்த்தளம்தான். எத்தனை நாள்? ஒரு வாரம். சரி, பாய் நான் கொண்டு வருகிறேன், நீங்கள் டம்ளரும் தட்டும் மட்டும் எடுத்து வையுங்கள் என்றாள்.

பவானி பெயரை எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்து, நோயாளிக்கு இவர் என்ன உறவு என்று கேட்டாள். மங்கலம் அதைப் போனிலேயே கேட்டாள்.

"ஜெயம்மா, நீ எனக்கு என்ன வேணும்னு கேக்குறாங்க. என்ன போடச் சொல்லட்டும்?"

"வாய் நிறைய அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள் ஜெயம்மா. "அப்புறம் என்ன போடுவாங்களாம்?"